75 எச்பி ஃபயர் பம்புக்கு 125 கேவிஏ ஜெனரேட்டர் தாங்குமா?

தாராபுரம் ரோடு:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருக்கிறேன். புதிதாகக் கட்டிய பஞ்சு குடோனுக்கும், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமுக்கும் சேர்த்து ஹைட்ரண்ட் லைன் (தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்) போடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. கன்சல்டன்ட் கொடுத்த டிராயிங்கில் நிமிடத்துக்கு 2280 லிட்டர், 88 மீட்டர் ஹெட் (தண்ணீரைத் தள்ளும் உயரம்), 75 எச்பி மோட்டார் பம்பு ஒன்று; அதே அளவில் டீசல் எஞ்சின் பம்பு ஒன்று; லைனில் பிரஷர் குறையாமல் பார்த்துக்கொள்ள 180 லிட்டர் ஜாக்கி பம்பு ஒன்று. மோட்டார் பம்பும் ஜாக்கியும் வந்து இறங்கிவிட்டன. டீசல் பம்புக்கு ஆர்டர் போடுகிற நேரத்தில்தான் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது.

எங்களிடம் 500 கேவிஏ டிஜி (டீசல் ஜெனரேட்டர்) ஒன்று ஓட்டத்தில் இருக்கிறது. அதுபோக 2012 பவர்கட் சமயத்தில் வாங்கிய 125 கேவிஏ ஒன்று ஷெட்டில் சும்மா நிற்கிறது. "தனியா ஒரு டீசல் பம்பு எதுக்குப்பா? அந்த 125-ஐ கரண்ட் பம்புக்குக் கொடுத்துட்டா தீர்ந்தது. அதுவும் டீசல்ல ஓடறதுதானே" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு உறுத்துகிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

இப்போதைய நிலவரம்: பம்பு பேனல் ஸ்டார் டெல்டா, அதாவது மோட்டாரை முதலில் குறைந்த வோல்ட்டில் (ஸ்டார்) கிளப்பி, பிறகு முழு வோல்ட்டுக்கு (டெல்டா) மாற்றும் வகை. மெயின் எல்டி பேனலின் அவுட்கோயிங் ஒன்றிலிருந்து 50 சதுர எம்எம் அலுமினியம் ஆர்மர்டு கேபிள், புளோரூம் டிரே வழியாகப் பம்பு ரூமுக்குப் போகிறது. தூரம் 200 மீட்டர் இருக்கும். 125-இன் சேஞ்ச்ஓவர் (ஈபி கரண்டிலிருந்து டிஜி கரண்டுக்கு மாற்றும் சுவிட்ச்) டிஜி ஷெட்டிலேயே இருக்கிறது, கையால் தள்ளும் வகை. தண்ணீர்த் தொட்டி 1.5 லட்சம் லிட்டர்.

125 தாங்குமா? சேஞ்ச்ஓவர் கையால் இருந்தால் போதுமா, ஆட்டோ வேண்டுமா? டீசல் பம்பை விட்டுவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

உடுமலைக் காற்று:

75 எச்பி என்றால் 56 கிலோவாட். 125 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் 100 கிலோவாட். தாராளமாகத் தாங்கும். எங்கள் தோட்டத்தில் 25 கேவிஏ செட்டில் 12.5 எச்பி போர் மோட்டார் ஓட்டுகிறோம், ஒரு தொந்தரவும் இல்லை. உங்களுடையதும் ஏறக்குறைய அதே விகிதம்தான். போட்டுவிடுங்க.

நொய்யல்கரை:

தம்பி, உடுமலைக்காரர் சொன்ன கணக்கு, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்குச் சரி. நின்றிருக்கும் மோட்டாரைக் கிளப்புவதில்தான் ஜெனரேட்டரின் வண்டவாளம் தெரியும்.

நான் சிங்காநல்லூர்ப் பக்கம் மில்களில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போதும் யாராவது பம்பு ரூம் கமிஷனிங்குக்குக் கூப்பிட்டால் மெகரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

75 எச்பி மோட்டாரின் முழு லோடு கரண்ட் 100 ஆம்பியர் என்று வையுங்கள். நேரடியாக, அதாவது டிஓஎல் முறையில் போட்டால் 6 மடங்கு, 600 ஆம்பியர் இழுக்கும். புது ஐஈ3 (கரண்டை மிச்சப்படுத்தும் வகை) மோட்டாராக இருந்தால் 7 மடங்கு கூடப் போகும், கேட்லாக்கைப் பாருங்கள். 600 ஆம்பியரை 415 வோல்ட்டால் பெருக்கி 1.732-ஆல் பெருக்கினால் 431 கேவிஏ வரும். உங்கள் 125-இன் டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் (திடீர் லோடு வந்தால் வோல்ட் எவ்வளவு விழும் என்பதைக் காட்டும் அளவு) 20 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், 431-இல் 20 சதவீதம் 86. அந்த 86-ஐ 86-உம் 125-உம் சேர்ந்த 211-ஆல் வகுத்தால் 41 சதவீதம். அதாவது 415 வோல்ட் 245-க்கு விழும். அந்த வோல்ட்டில் கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) பிடித்து நிற்காது. கடகடவென்று அடித்துவிட்டு விழுந்துவிடும். மோட்டார் முனகும், பம்பு சுற்றாது.

"எங்களுடையது ஸ்டார் டெல்டாதானே, 200 ஆம்பியர்தானே இழுக்கும்" என்பீர்கள். அதே கணக்கைப் போட்டால் இறக்கம் 19 சதவீதம். டிரையல் எடுக்கும்போது டெலிவரி வால்வை மூடிவைத்துப் பார்ப்போம், அழகாகக் கிளம்பும், எல்லோரும் கைகுலுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். தீ பிடித்த அன்றைக்கு வால்வு மூடியிருக்காது. ஹைட்ரண்ட் திறந்திருக்கும், லைனில் பிரஷர் இருக்காது, முழு ஓட்டத்துக்கு எதிராகப் பம்பு கிளம்ப வேண்டும். ஸ்டாரில் மோட்டாரின் டார்க் (சுழற்றும் விசை) மூன்றில் ஒரு பங்குதான். வோல்ட்டும் 10 சதவீதம் குறைந்தால் அதிலும் ஐந்தில் ஒன்று போய்விடும். மோட்டார் முக்கால் வேகம் வரைக்கும் ஏறி அங்கேயே திணறிக்கொண்டு நிற்கும். டைமருக்கு அதெல்லாம் தெரியுமா? 8 விநாடி ஆனதும் டெல்டாவுக்குத் தள்ளிவிடும். அந்த நொடியில் 500 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். ஸ்டார் டெல்டா போட்டதன் பலன் அத்தோடு போச்சு.

தோட்டத்துப் போர் மோட்டார் நின்றால் மறுபடி பட்டனை அமுக்கிக்கொள்ளலாம். இங்கே அதற்கு நேரம் இருக்காது.

என்எஃப்பிஏ 20 என்கிற அமெரிக்க விதியில், ஸ்டார்ட் ஆகும்போது பம்பு கன்ட்ரோலரின் லைன் முனையில் வோல்ட் 15 சதவீதத்துக்கு மேல் இறங்கக்கூடாது என்று இருக்கிறது. டிஓஎல் கணக்கில் அந்த 15-க்குள் நிற்க எவ்வளவு பெரிய செட் வேண்டும் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தால் 488 கேவிஏ வருகிறது. ஆகவே உங்கள் மில்லில் இந்த வேலைக்கு உகந்த செட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது: அந்த 500. ஷெட்டில் நிற்கும் 125-ஐ விற்றுவிடச் சொல்லுங்கள்.

நம் ஊர் விதியும் இதைத்தான் சொல்கிறது. தேசியக் கட்டிட விதி 2016, நான்காம் பகுதியில், ஜெனரேட்டர் என்றால் தீயணைப்பு, உயிர்காப்பு அமைப்புகள் எல்லாவற்றின் ஸ்டார்ட்டிங் கரண்டையும் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. ஸ்டார்ட்டிங் கரண்ட் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஓடுகிற கரண்ட் பற்றி அங்கே பேச்சில்லை.

கேவிஏ விஷயம் அவ்வளவுதான். நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. பம்புக்கு மெயின் பேனல் அவுட்கோயிங்கிலிருந்து கொடுத்திருக்கிறோம் என்கிறீர்கள். புளோரூமில் தீ என்று சத்தம் வந்தால் உங்கள் ஃபிட்டர் முதலில் எங்கே ஓடுவார்? மெயின் ஏசிபியை (மில்லின் மெயின் பிரேக்கரை) இறக்கத்தான். அதைத்தான் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், அதுதான் சரியும்கூட. கரண்ட் இருக்கிற இடத்தில் தண்ணீர் அடிக்க முடியாது. ஏசிபி இறங்கிய அதே விநாடியில் உங்கள் பம்பும் நின்றுவிடும்.

சரி, அப்போது டிஜி வரும் என்பீர்கள். வரும். கரண்ட் போனால் டிஜியைத் தானாகக் கிளப்பும் ஏஎம்எஃப் பேனலுக்குத் தெரிவது பஸ்பாரில் (பேனலின் மெயின் கம்பியில்) கரண்ட் போய்விட்டது என்பது மட்டும்தான். தீக்காக இறக்கினோமா, ஈபி போய்விட்டதா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. டிஜி எழுந்து, எரிந்துகொண்டிருக்கும் புளோரூமுக்கு மறுபடி கரண்டை அனுப்பும். உள்ளே தண்ணீர் ஓஸைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்பான்.

மெயினை இறக்கினால் பம்பு நிற்கக்கூடாது. டிஜி எழுந்தால் மில்லுக்குக் கரண்ட் போகக்கூடாது. இந்த இரண்டுக்கும் வழி செய்யாமல் 125-ஆ 500-ஆ என்று பேசுவது வீண்.

பீளமேடு வைண்டிங்:

அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. முக்கால் வேகத்தில் டெல்டா விழுந்து புகைந்த மோட்டார்கள் எங்கள் பட்டறைக்கு வருவதுண்டு. ஒரு கேள்வி: ஸ்டார் டெல்டாவை எடுத்துவிட்டு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் என்னங்கண்ணா? 3.5 மடங்கில் கரண்டைக் கட்டிவிடலாமே.

நொய்யல்கரை:

போடலாம். இந்த மில்லுக்கு அதைத்தான் நானும் சொல்வேன். ஸ்டாரில் மோட்டாருக்குக் கிடைக்கும் வோல்ட் கடைசிவரை 58 சதவீதம்தான். சாஃப்ட் ஸ்டார்ட்டர் கரண்டை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, மோட்டார் வேகம் ஏற ஏற வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போகும். அதனால் ஹைட்ரண்ட் திறந்திருந்தாலும் முக்கால் வேகத்தில் மாட்டிக்கொள்ளாது. 350 ஆம்பியர் என்றால் 250 கேவிஏ சொச்சம். 500 செட்டில் இறக்கம் 9 சதவீதம்தான்.

ஆனால் மோட்டார் முழு வேகம் வந்ததும் ஸ்டார்ட்டரைத் தாண்டி நேராகக் கரண்ட் கொடுக்கும் பைபாஸ் கான்டாக்டர் கட்டாயம். சாஃப்ட் ஸ்டார்ட்டரில் கார்டு போய்விட்டால் கையால் நேரடியாகக் கிளப்ப ஒரு வழியும் பேனலிலேயே இருக்க வேண்டும். மோட்டார் கெட்டாலும் பரவாயில்லை, பம்பு ஓட வேண்டும் என்கிற நேரம் அது.

தாராபுரம் ரோடு:

அண்ணா, ரொம்ப நன்றிங்க. ஏஎம்எஃப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேராகப் போய் 500-இன் பேனலைப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. ஏசிபி இறங்கினால் 12 விநாடியில் டிஜி எழுந்து மொத்த மில்லையும் எடுத்துக்கொள்கிறது. இத்தனை நாளாக அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

எப்படி ஒயர் பண்ணலாம் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுங்களா? கேபிள் 50 சதுர எம்எம் போதுமா என்பதும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஆம்பியர் சார்ட் பார்த்துத்தான் கான்ட்ராக்டர் போட்டார்.

நொய்யல்கரை:

ஆம்பியர் சார்ட்டில் பார்த்தால் 50 சரிதான், கேபிள் சூடாகாது. ஆனால் 200 மீட்டரில் 100 ஆம்பியருக்கு 24 வோல்ட் போய்விடுகிறது. கிட்டத்தட்ட 6 சதவீதம். முழு லோடு கரண்டின் 115 சதவீதம் ஓடும்போதுகூட மோட்டார் முனையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கக்கூடாது என்பது அதே என்எஃப்பிஏ 20 விதி. 120 சதுர எம்எம் போடுங்கள். சாஃப்ட் ஸ்டார்ட்டர் 350 ஆம்பியர் இழுக்கும்போது அதில் 5 சதவீதம் போகும். டிஜியின் 9-ஐச் சேர்த்தால் 14. எல்லைக்குள் நிற்கிறது.

இப்போது ஒயரிங். பம்பு ரூமுக்கு இரண்டு கேபிள் வர வேண்டும், இரண்டும் வெவ்வேறு பாதையில். ஒன்று ஈபி: டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரியில், மெயின் ஏசிபிக்கு முன்னாலேயே பிரித்து, தனிப்பெட்டியில் தனி எம்சிசிபி (பிரேக்கர்) வைத்து எடுங்கள். பெட்டிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து "ஃபயர் பம்பு, அணைக்காதே" என்று தமிழிலும் இந்தியிலும் எழுதிவையுங்கள். இரவு ஷிப்டில் பாதிப்பேர் ஒடிசா, பீகார்ப் பையன்கள், தமிழில் மட்டும் எழுதினால் பலனில்லை. இன்னொன்று டிஜி: ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் பஸ்பாரில் மில்லுக்கு ஒரு பிரேக்கர், பம்புக்கு ஒரு பிரேக்கர் என்று இரண்டாகப் பிரியுங்கள். ஆட்டோ சேஞ்ச்ஓவர் பம்பு ரூமுக்குள்ளேயே, பம்புக்கு மட்டும் என்று இருக்கட்டும். கையால் தள்ளுவது வேண்டவே வேண்டாம். ராத்திரி 2 மணிக்குத் தீ என்றால் டியூட்டியில் இருக்கும் ஒரே எலக்ட்ரீசியன் புளோரூமுக்கு ஓடுவானா, டிஜி ஷெட்டுக்கு ஓடுவானா? என்எஃப்பிஏ கணக்கில் 10 விநாடியில் டிஜி கரண்ட் வர வேண்டும். உங்கள் 12-ஐ ஏஎம்எஃப் டைமரைக் குறைத்துக் கீழே கொண்டுவரலாம்.

பம்பு சர்க்யூட்டில் ஈபி போனால் பம்பு ரூம் சேஞ்ச்ஓவர் டிஜிக்கு ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். மெயின் பேனல் ஏஎம்எஃப் கொடுக்கும் ஸ்டார்ட்டும் பழையபடி இருக்கலாம். ஆனால் செக்யூரிட்டி ரூமிலும் டிஜி ஷெட்டிலும் ஒவ்வொரு காளான் பட்டன் (காளான் தலைபோல் இருக்கும் அவசரப் பட்டன்) வையுங்கள். அதை அடித்தால் மெயின் ஏசிபி விழ வேண்டும், டிஜியில் மில் பிரேக்கர் விழுந்து சாவி போட்டுத் திறக்கும்வரை ஏறாமல் நிற்க வேண்டும், பம்பு பிரேக்கர் மட்டும் அப்படியே இருக்க வேண்டும். ஃபயர் அலாரம் பேனலிலிருந்தும் இதே சிக்னலை எடுக்கலாம். ஆனால் மில் டஸ்ட்டில் ஸ்மோக் டிடெக்டர் சும்மா சும்மா அடிக்கும். அதை நம்பி மொத்த மில்லையும் இறக்கினால் முதலாளி மறுநாளே ஒயரைக் கழற்றச் சொல்லிவிடுவார். பட்டனே போதும்.

டிஜி ஏற்கெனவே மில்லை இழுத்துக்கொண்டிருக்கும்போது தீ பிடித்தால்? அப்போதும் இதே பட்டன்தான். மில் லோடு போனதும் 500-உம் பம்புக்கே கிடைக்கும். பட்டன் அடிக்காமல், மில் லோடோடு 75 எச்பியைக் கிளப்பினால் டிஜி பிரேக்கரே டிரிப் ஆக வாய்ப்பு உண்டு. அதனால் பம்பு கன்ட்ரோலரிலிருந்து ஸ்டார்ட் சிக்னல் வந்ததும் மில்லுக்குள் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிபிகேஷன் ஃபேன்களையும் கம்ப்ரஸரையும் முதலில் கழற்றிவிடச் சொல்லி ஒரு ரிலே போடுங்கள். அவை நின்றால் நூல் அறுபடும், அவ்வளவுதான்.

கேபிள் பாதை. புளோரூம் டிரேயில் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அணைக்க வேண்டிய தீயின் தலைக்கு மேலேயே பம்பின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். காம்பவுண்ட் ஓரமாக இரண்டரை அடி ஆழத்தில் மணல் போட்டு, மேலே செங்கல் அடுக்கிப் புதையுங்கள். கட்டிடத்துக்குள் கொஞ்சதூரம் போயே ஆக வேண்டும் என்றால் 50 எம்எம் கான்கிரீட்டுக்குள் பைப்பில் விடுங்கள். தேசியக் கட்டிட விதியும் தீ தாங்கும் கேபிள், இல்லையென்றால் மாற்றுப் பாதை என்றுதான் கேட்கிறது.

அப்புறம் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர், அதாவது மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி. நம் பக்கத்தில் மோட்டார் பேனல் என்றாலே பழக்கத்தில் அது ஒன்று உட்கார்ந்திருக்கும். ஃபயர் பம்பு பேனலில் அதை மோட்டாரை நிறுத்தும்படி இணைக்காதீர்கள். டிஜியில் கிளம்பும் அந்த இரண்டு மூன்று விநாடி இறக்கத்தைப் பார்த்தே அது பயந்து டிரிப் கொடுத்துவிடும், அப்புறம் யாராவது போய் ரீசெட் அடிக்க வேண்டும். அலாரம் மட்டும் அடிக்கட்டும். ஓவர்லோடு ரிலேயும் அப்படித்தான். என்எஃப்பிஏ கன்ட்ரோலரில் முழு லோடு கரண்டின் 3 மடங்கு வரைக்கும் டிரிப்பே கிடையாது. ரோட்டார் சுற்றாமல் மாட்டிக்கொண்டால் மட்டும் 8-லிருந்து 20 விநாடிக்குள் விழும்.

ஃபேஸ் வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் டிராயிங்கில் எழுதுவதில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கமிஷனிங் போயிருந்தேன். ஈபியில் பம்பு ஓட்டினால் பிரஷர் கேஜில் 9 கிலோ காட்டுகிறது. டிஜியில் ஓட்டினால் 4 கிலோவைத் தாண்டவில்லை. சத்தம் வழக்கம்போலத்தான், ஆம்பியரும் சந்தேகப்படும்படி இல்லை. பம்பில் ஏர் இருக்கிறது என்று ஒருத்தர், ஃபுட்வால்வு என்று ஒருத்தர், ஃபிரீக்வென்சி குறைவு என்று ஒருத்தர். தொட்டி பம்புக்கு மேலே இருக்கிறது, ஃபுட்வால்வே கிடையாது! மோட்டாரை நிறுத்தச் சொல்லி, நின்றுகொண்டே வரும்போது ஃபேன் கவர் பக்கம் குனிந்து பார்த்தால், ஃபேன் அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. டிஜி கேபிளில் இரண்டு ஃபேஸ் மாறியிருந்தது. சென்ட்ரிஃபியூகல் பம்பு தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் தள்ளும், பாதிக்கும் குறைவாக. அதனால்தான் யாருக்கும் பிடிபடவில்லை. சேஞ்ச்ஓவருக்குள் டிஜி பக்கத்து முனையில் இரண்டு ஒயரை மாற்றிக் கட்டினோம், 9 கிலோ வந்துவிட்டது. மோட்டார் முனையில் மாற்றியிருந்தால் ஈபியில் தலைகீழாகப் போயிருக்கும், அதையும் சொல்லிவைக்கிறேன்.

டீசல் பற்றிக் கவலை வேண்டாம். 8 மணி நேரத்துக்கு வைக்கச் சொல்கிறது அமெரிக்க விதி. 500 செட் பம்பை மட்டும் இழுத்தால் மணிக்கு 25 லிட்டர் என்று வைத்தாலும் 200 லிட்டர்தான். உங்கள் தண்ணீர்தான் முதலில் தீரும். 1.5 லட்சம் லிட்டரை 2280-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு மணி ஐந்து நிமிடம். பஞ்சுப் பேல் உள்ளுக்குள் கனிந்துகொண்டே இருக்கும், வெளியே அணைந்ததுபோல் தெரியும், இழுத்துப் போட்டுப் பிரித்து நனைத்தால்தான் அடங்கும். அதற்கு மணிக்கணக்காகும். அதனால் போர் தண்ணீர் தொட்டியில் விழும் லைனுக்கும் டிஜி கரண்ட் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டுக்கு அதே தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். கோடைக்காலத்தில் போர் வற்றினால் எடுப்பார்கள், கேட்டால் இல்லை என்பார்கள். ஹியூமிடிபிகேஷன் சக்சன் பைப்பை, தீக்கென்று ஒதுக்கிய தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், பேச்சுக்கே இடமில்லை.

பெருந்துறை சைரன்:

டீசல் பம்பு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் தீயணைப்பு சிஸ்டம் அப்ரூவல் வேலை பார்க்கிறேன், சிப்காட் யூனிட்கள்தான் அதிகம்.

அமெரிக்க விதியில் கரண்ட் பம்புக்கு நம்பகமான சப்ளை இல்லையென்றால் டிஜி வைக்கலாம், இல்லை டீசல் பம்பு வைக்கலாம், இரண்டில் ஒன்று என்று இருக்கிறது. உங்கள் முதலாளி சொல்வது அதுதான், தப்பான யோசனை இல்லை. ஆனால் உங்களுக்குத் தீயணைப்புத் துறை என்ஓசிக்கான (தடையில்லாச் சான்று) வரைபடம் ஒரு மோட்டார், ஒரு டீசல், ஒரு ஜாக்கி என்று போயிருக்கும். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பம்பு ரூமில் நிற்பார். டீசல் பம்பு எங்கே என்பார். மாற்ற வேண்டுமென்றால் திருத்திய வரைபடத்தோடு முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்க. இன்சூரன்ஸ்காரரிடமும் கேளுங்க, பஞ்சு குடோன் என்றாலே அவர்கள் தனிக் கணக்குப் போடுவார்கள்.

என் சொந்த அபிப்ராயம்: நூல் மில்லில் டீசல் பம்பை விட வேண்டாம். மோட்டார், பேனல், கேபிள் மூன்றில் எது போனாலும் டிஜியால் ஒன்றும் செய்ய முடியாது. டீசல் பம்புக்குக் கரண்டே வேண்டாம், இரண்டு பேட்டரி செட் போதும். டிஜி வைப்பது மோட்டார் பம்பு ஈபி இல்லாத நேரத்திலும் முதல் ஆளாகக் கிளம்ப. இரண்டும் வேறு வேறு வேலை.

டிஜி இணைப்பை மாற்றினால் மின் ஆய்வுத் துறைக்கும் வரைபடம் போக வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

நொய்யல்கரை:

சைரன்காரர் சொல்வதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. என் வோட்டும் டீசல் பம்புக்குத்தான். 125-ஐ விற்ற காசு அதில் ஒரு பகுதிக்கு ஆகும் என்று முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் டிரையல் எடுப்பதைச் சொல்லிவிடுகிறேன். பம்பு ரூமில் பட்டனை அமுக்கிப் பார்ப்பது டிரையல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மில் நிற்கும்போது தூரத்து ஹைட்ரண்ட் இரண்டில் ஓஸ் மாட்டித் திறந்துவிடுங்கள். மோட்டார் பம்பு ஈபியில் தானாகக் கிளம்பட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே காளான் பட்டனை அடித்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் எச்டி (உயர் அழுத்த) பக்கம் இறக்குங்கள். பம்பு நிற்கும், டிஜி எழும், பம்பு மறுபடி தானாகக் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது சாஃப்ட் ஸ்டார்ட்டர் டிஸ்ப்ளேயில் வோல்ட் எவ்வளவு இறங்கியது என்று ஒருத்தர் பார்த்து எழுதட்டும். ஓஸ் முனையில் இருப்பவர் தண்ணீர் எத்தனை விநாடி நின்றது என்று சொல்லட்டும். அந்த நேரத்தில் புளோரூமில் டெஸ்ட் லேம்ப் வைத்துக்கொண்டு ஒருத்தர் நிற்க வேண்டும். லேம்ப் எரிந்தால் என்னை மறுபடி கூப்பிடுங்கள்.

வாரம் ஒருமுறை 10 நிமிடம் மோட்டார் பம்பை ஓட்டுங்கள், மாதம் ஒருமுறை அதை டிஜியில் ஓட்டுங்கள். டிஜியை லோடு இல்லாமல் சும்மா ஓட்டி ஓட்டிச் சைலன்சரில் எண்ணெய் வழியவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். டிஜி பேட்டரி சார்ஜர் எந்த பிரேக்கரில் இருக்கிறது என்றும் பாருங்கள். தீபாவளி லீவுக்கு மில்லை மொத்தமாக இறக்கும்போது சார்ஜரும் சேர்ந்து இறங்கியிருக்கும், பஞ்சு அப்போதும் குடோனில்தான் இருக்கும்.

தாராபுரம் ரோடு:

எல்லோருக்கும் நன்றிங்க. முதலாளியிடம் பேசிவிட்டேன். 431 கேவிஏ கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன், அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. "தீ பிடிச்சா மெயினை இறக்குவோம், 12 விநாடியில டிஜி திரும்ப புளோரூமுக்குக் கரண்டு கொடுக்குதுங்க" என்று சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். டீசல் பம்பு ஆர்டர் போகிறது. காளான் பட்டனும் டிஜி மில் பிரேக்கர் சாவியும் இந்த ஞாயிறே போடச் சொல்லிவிட்டார். கேபிளும் சாஃப்ட் ஸ்டார்ட்டரும் அடுத்த மாதம்.

சார்ஜரைப் பார்த்தேன் அண்ணா. ஷெட் லைட் சர்க்யூட்டில் இருக்கிறது. லைட் சுவிட்சை அணைத்தால் அதுவும் அணைகிறது. நாளைக்கே மாற்றிவிடுகிறேன்.